திறக்காமலே குறை சொல்லப்படும்

எங்கள் தெருவில் ஒரு காது இருந்தது. அந்தக் காதுக்கு உடம்பும் மீசையும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஓர் எஞ்சின் பட்டறையும் இருந்தன என்பது உண்மைதான். ஆனால் மரியாதை முழுக்கக் காதுக்கே போய்விட்டது. லாரியில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு வருகிறவன்கூட இறங்கியதும் "காதுக்காரர் இருக்காரா?" என்றுதான் கேட்பான்.

அவர் வேலை செய்கிற அழகைப் பார்க்க வேண்டும். முதலில் எஞ்சினை ஓடவிடச் சொல்வார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் தம்பியிடம் கொடுப்பார். தம்பி அதை எங்கேயும் வைக்கக் கூடாது, கையிலேயே பிடித்திருக்க வேண்டும். பிறகு ஒரு முழ நீளத்துக்கு ஸ்க்ரூடிரைவர் ஒன்று வரும். முனை எஞ்சின்மேல், மரப்பிடி காதுக்குப் பின்னால் எலும்பில். கண் மூடும். அவ்வளவுதான், தெருவே மூச்சை அடக்க வேண்டும். பக்கத்துக் கடையில் நான் ஜெராக்ஸ் மெஷினை நிறுத்திவிட வேண்டும். ஒருமுறை பாதித் தாள் உள்ளே இருக்கும்போது நிறுத்தியதில் ஒருவருடைய வீட்டுப் பத்திரம் மெஷினுக்குள் சிக்கிக் கசங்கிவிட்டது. அவர் கோபப்படவில்லை. "பரவால்ல, காதுக்காரர் கேக்குறாரு" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

எஞ்சின் போடுகிற இரைச்சலுக்கு முன்னால் என் மெஷின் சத்தம் எந்த மூலைக்கு என்று யாரும் கேட்டதில்லை. அந்த அளவுக்குத் தைரியம் எங்கள் தெருவில் கிடையாது.

கண் திறந்ததும் தீர்ப்பு. "கீழ. பேரிங். மேல யாரும் கை வைக்க வேணாம்."

கூட்டம் தலையை ஆட்டும். காதுக்காரர் கண்ணாடிக்காகக் கையை நீட்டியபடியே தன் கொள்கையைச் சொல்லுவார். "தொறந்து பாத்துக் குறை சொல்றவன் மெக்கானிக் இல்லப்பா. தொறந்தா எவனுக்கும்தான் தெரியும்."

இதையே சுருக்கிப் பட்டறை வாசலில் பலகையாக வைத்தார். 'எஞ்சினைத் திறக்காமலே குறை சொல்லப்படும்.' அடித்துக் கொடுத்தவன் நான். கருத்து அவருடையது, 'சொல்லப்படும்' என்கிற கம்பீரம் மட்டும் என்னுடையது. "நல்லா இருக்குடா ஜெராக்ஸு! யாரு சொல்றா என்னான்னு இல்லாம, கவர்மென்ட் உத்தரவு மாதிரி இருக்கு" என்று மெச்சினார்.

குறை சொல்வது அண்ணன், சரி செய்வது தம்பி. தம்பியைத் தெருவில் சின்னவன் என்பார்கள். முப்பத்தெட்டு வயதிலும் சின்னவன்தான். எஞ்சினைப் பின்பக்கக் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போய், படுதாவை இழுத்துவிட்டுத் திறப்பான். என் கடையின் பின் ஜன்னல் அந்தக் கொட்டகையைப் பார்த்துத்தான் இருக்கிறது. நடுவில் இரண்டடி சந்து. சந்தில் ஒரு சாக்கடை, சாக்கடைக்கு மேல் எப்போதும் டீசல் வாடை.

கொட்டகை ஓரத்தில் ஒரு மர முக்காலியில் சின்னவன் மனைவி உட்கார்ந்திருப்பாள். கேஸ்கெட் வெட்டுவது அவள் வேலை. எஞ்சினின் இரண்டு பாகங்கள் சேருகிற இடத்தில் எண்ணெய் கசியாமல் இருக்க நடுவே ஒரு தடித்த தாளை வைப்பார்களே, அதுதான். பாகத்தின் விளிம்பில் எண்ணெய் தடவி, தாளை அதன்மேல் விரித்து, சின்னச் சுத்தியலால் ஓரம் நெடுகத் தட்டிக்கொண்டே போவாள். டக், டக், டக். விளிம்பே தாளை வெட்டிக் கொடுக்கும். போல்ட் துளை வருகிற இடத்தில் சுத்தியலின் உருண்டைப் பக்கத்தை வைத்து ஒரே அடி, வட்டமாகத் துண்டு விழும். அந்த வட்டங்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பாள். எதற்கு என்று கேட்டதற்கு, "சும்மாதாண்ணே. பாக்க நல்லாருக்குல்ல" என்றாள். கல்யாணமாகி ஐந்து வருடம். மூத்தவருடைய பிள்ளைகள் அந்த வட்டங்களை வைத்துத்தான் கடை விளையாட்டு விளையாடி வளர்ந்தார்கள்.

அந்தப் பட்டறையின் ரகசியம் அவளுக்குத் தெரியும். மேல்மூடிக்கு வெட்டுகிற தாள் ஒரு வடிவம், அடித்தொட்டிக்கு வெட்டுவது வேறு வடிவம். முன்னால் அண்ணன் "கீழ" என்று தீர்ப்புச் சொல்லியிருப்பார். பின்னால் தம்பி வந்து மெதுவாக மேல்மூடியை நீட்டுவான். கல்யாணமான புதிதில் ஒருமுறை அவள் கேட்டுவிட்டாள்.

"என்னங்க, மாமா கீழன்னுதான சொன்னாரு?"

சின்னவன் உதட்டில் விரலை வைத்தான். கிரீஸ் விரல். அன்று முழுக்க மூக்குக்குக் கீழே கறுப்புக் கோட்டோடு திரிந்தான்.

பத்தில் ஏழு எஞ்சினில் காது சரியாகத்தான் சொல்லும். அதில் குறை சொல்ல முடியாது. மீதி மூன்றில் சின்னவன் திறந்து, உண்மையான பழுதைச் சரி செய்து, மூடித் துடைத்து, வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்து, "அண்ணன் சொன்னதுதான்" என்பான். பதினாறு வருடமாக இப்படித்தான். அந்த மூன்று இருப்பது அண்ணனுக்கே தெரியாது. ஊருக்கும் தெரியாது. சின்னவனுக்கும் அவளுக்கும் தெரியும். சந்துக்கு இந்தப் பக்கம் இருந்ததால் எனக்கும் தெரியும்.

அவளுக்கு நாள் தள்ளிப்போனது மழை பிடித்துக்கொண்ட சமயம். கரண்டு அடிக்கடி போய், ஊரில் இருக்கிற ஜெனரேட்டர் எல்லாம் இருமிக்கொண்டு பட்டறைக்கு வந்தன. சுகாதார நிலையத்து நர்ஸ் என் கடையில்தான் படிவங்களை நகல் எடுப்பார். அன்றைக்குக் குடையை மடக்கிக்கொண்டு அவர் வந்து நின்றபோது இவளும் வந்தாள். கல்லாவுக்கு இந்தப் பக்கம் நான் இருப்பதை இருவரும் பொருட்படுத்தவில்லை. ஜெராக்ஸ்காரனை யாரும் பொருட்படுத்துவதில்லை, ஊர்க் காகிதம் எல்லாம் படித்துவிட்டு உட்கார்ந்திருப்பவன் அவன்தான் என்றாலும்.

"ஏம்மா, டெஸ்ட்ல வந்துடுச்சுல்ல? அப்புறம் ஏன் இப்படி முழிக்கிற? சிரியேன்."

"சிரிச்சா போயிடுமோன்னு இருக்குங்க."

"போகாது, சிரி." நர்ஸ் ஒரு சீட்டை எடுத்து என் பேனாவாலேயே எழுதினார். "வர்ற வியாழக்கிழமை, காலைல பத்து மணி. ஸ்கேன். மறக்காத."

"இப்பவேவா? அஞ்சாறு மாசத்துலதான எடுப்பாங்க?"

"அப்பவும் ஒண்ணு உண்டு, அது குழந்தை எப்படி வளருதுன்னு பாக்க. இது வேற. இப்ப குழந்தை எங்க உக்காந்திருக்குன்னு பாக்கணும். கர்ப்பப்பைக்குள்ளதான் இருக்கா, துடிப்பு வந்துடுச்சா, எத்தன வாரம்னு பாக்கணும். எல்லாருக்குமே பாக்கறதுதான். உனக்குக் கட்டாயம் பாக்கணும்."

"எனக்கு மட்டும் என்னங்க?"

"மூணு வருஷம் முன்னாடி அடிவயித்துல இன்ஃபெக்‌ஷன்னு பத்து நாள் ஊசி போட்டேனே, மறந்துட்டியா? அப்படி வந்தவங்களுக்குச் சில சமயம் கரு வர்ற வழியிலயே, குழாய்லயே தங்கிடும். வலிக்கலன்னாலும் வந்துடு. நடுவுல வயிறு வலிச்சாலோ, ரத்தம் பட்டாலோ, தலை சுத்தினாலோ, தோள்பட்டை வலிச்சாலோ கெழமை பாக்காத, உடனே வா."

"தோள்பட்டையா? வயித்துக்கும் தோளுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"சம்பந்தம் இருக்கு. வாம்மான்னா வா" என்று நர்ஸ் குடையை விரித்தார்.

சீட்டை அவள் நான்காக மடித்து பிஸ்கட் டப்பாவில் வட்டங்களுக்கு நடுவே வைத்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டப்பாவை மூடிவிட்டு, மறுபடி திறந்து, சீட்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடினாள்.

அதே வியாழக்கிழமைதான் வியாபாரிகள் சங்கம் காதுக்காரரைப் பாராட்டுவதாக முடிவு செய்திருந்தது. சங்கத்துக்கு வருடத்துக்கு ஒருவரைப் பாராட்டியாக வேண்டும். போன வருடம் செயலாளரின் மைத்துனரைப் பாராட்டிவிட்டார்கள், அதற்கு முந்தைய வருடம் செயலாளரையே. இந்த வருடம் வேறு ஆள் இல்லாமல் காதுக்கு வந்திருந்தது. கூட்டம் பட்டறை வாசலிலேயே நடக்கும். சங்கத்து ஜெனரேட்டர் இருமுகிறது, அதை எல்லோர் முன்னாலும் காதுக்காரர் கேட்டுக் குறை சொல்வார், கைதட்டல், பாராட்டுப் பத்திரம், பிறகு டீ, பன், முட்டை. பத்திரத்தை அடிக்கும் பொறுப்பு எனக்கு. 'கேள்விச் செல்வர்' என்று போடச் சொன்னார் செயலாளர். போட்டேன்.

பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. செவ்வாய்க்கிழமை மத்தியானம் பத்திரத்தின் மாதிரியைக் காட்டப் போனேன். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சோறு, பருப்பு, பொரித்த முட்டை. எனக்கும் ஒரு தட்டு வந்தது. அங்கேதான் சீட்டு வெளியே வந்தது.

"மாமா, வியாழக்கிழம காலைல ஆஸ்பத்திரி வரைக்கும் போகணும். ஸ்கேனு."

காதுக்காரர் இடது கையில் பிடித்து மாதிரியைப் படித்துக்கொண்டிருந்தார். கண்ணை எடுக்காமலே கேட்டார். "என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணல மாமா. பாக்கணும்னு சொன்னாங்க."

"ஒண்ணும் பண்ணலன்னா என்னத்தப் பாக்குறது?"

"குழந்தை எங்க உக்காந்திருக்குன்னு..."

காதுக்காரர் சிரித்தார். சோறு புரையேறுகிற அளவுக்கு நல்ல சிரிப்பு. "எங்க உக்காரும்? வயித்துலதான் உக்காரும்! பின்ன என்ன, பரண்லயா உக்காரும்?"

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், அவர் வீட்டு முட்டை வாயில் இருந்தது.

"இத பாரும்மா" என்றார், இப்போது கண்ணாடியைக் கழற்றிவிட்டார், ஆகவே கொள்கை வருகிறது என்று அர்த்தம். "நல்லா ஓடுற எஞ்சின்ல கை வைக்கக் கூடாது. இருபத்தாறு வருஷமாப் பாக்குறேன். உன் நடை சுத்தமா இருக்கு, மொகம் தெளிவா இருக்கு. ஒரு சத்தம் இல்ல. அப்புறம் எதுக்கு உள்ள எட்டிப் பாக்குறது? அவங்களுக்குக் கேக்கத் தெரியாது, அதான் படம் புடிக்கிறாங்க."

"எனக்கு ரெண்டும் ஒரு படமும் எடுக்காமதான் பொறந்துச்சு" என்றாள் அவர் மனைவி, இன்னொரு கரண்டி சோற்றை அவளுடைய தட்டில் போட்டபடி. கெட்ட மனசு இல்லை. அவளுக்கு மட்டும் இரண்டு முட்டை வைத்தவளும் இவள்தான். "சாப்பிடு நீ. அன்னிக்கு முப்பது பேருக்கு டீ போடணும், நான் ஒருத்தி என்ன பண்ணுவேன்? அடுத்த வாரம் போயிக்கலாம். ஓடியா போயிடப் போகுது?"

அவள் புருஷனைப் பார்த்தாள். சின்னவன் தட்டைப் பார்த்தான். தட்டில் பருப்பு இருந்தது, பிசைய ஆரம்பித்தான்.

பிறகு, கொட்டகையில் பாத்திரம் கழுவுகிற சாக்கில் அவள் அவனிடம் பேசியதை ஜன்னல் வழியாகக் கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியும்ல?"

"என்ன தெரியும்?"

"மாமா காது எப்படின்னு."

"ஏய், மெதுவா."

"நான் எத்தன மேல்மூடி வெட்டியிருக்கேன்? அவர் கீழன்னதுக்கெல்லாம்?"

"அது எஞ்சினும்மா."

"அதத்தாங்க நானும் சொல்றேன். நீங்க எஞ்சினயே தொறந்து பாக்காம விடமாட்டீங்க."

சின்னவன் ஒரு போல்ட்டை எடுத்துத் துடைத்தான். பிறகு சொன்னான். "இந்த ஒரு தடவ விடு. அண்ணனுக்கு ஆயுசுல ஒரு நாள். அன்னிக்கு ஆள் இல்லன்னா அவரு மனசு ஒடஞ்சிடும். அடுத்த வியாழக்கிழமை நானே கூட்டிட்டுப் போறேன். சத்தியமா."

அவள் சீட்டை மறுபடி டப்பாவில் வைத்தாள். அவ்வளவுதான் நடந்தது. யாரும் யாரையும் அடிக்கவில்லை, தடுத்துக் கதவைப் பூட்டவில்லை. ஒரு வாரம் தள்ளி வைத்தார்கள், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை மழை விட்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் தெருவை அடைத்துக்கொண்டு நின்றன. பத்து மணிக்கு, ஆஸ்பத்திரியில் யாரோ அவளைக் கூப்பிட்டிருக்க வேண்டிய நேரத்தில், செயலாளர் மைக்கைத் தட்டி "ஹலோ" சொன்னார். காதுக்காரர் புதுச் சட்டையில் மடிப்புக் கலையாமல் நின்றார். கண்ணாடி கழன்றது. ஸ்க்ரூடிரைவருக்கு வார்னிஷ் பூசியிருந்தார்கள். நான் மெஷினை நிறுத்தினேன். முப்பது பேர் மூச்சை நிறுத்தினார்கள். சங்கத்து ஜெனரேட்டர் மட்டும் சங்கத்தைப் போலவே புகைவிட்டுக்கொண்டு இரைந்தது.

இந்த முறை கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். போட்டோ எடுக்கிறவன் பக்கம் மாறி வருவதற்காக என்று நினைக்கிறேன்.

"கீழ" என்றார். "பேரிங்."

கைதட்டல். அவள் சமையலறை வாசலில் டீத்தட்டோடு நின்று தானும் தட்ட முடியாமல் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை சின்னவன் படுதாவை இழுத்துவிட்டு ஜெனரேட்டரைத் திறந்தான். சனிக்கிழமை காலை அவள் முன்னால் ஒரு பாகத்தைக் கொண்டுவந்து வைத்தான். எட்டிப் பார்த்தேன். மேல்மூடி. பெரியது, பதினான்கு துளை.

அவள் அதைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தாள்.

அன்று சாயங்காலமே லேசாகத் தீட்டுப் பட்டிருக்கிறது. மூத்தவளிடம், அதாவது காதுக்காரர் மனைவியிடம், சொன்னாளாம். "எனக்கும் மொத மாசம் கொஞ்சம் பட்டுச்சு. காலைத் தூக்கி வச்சுப் படு" என்றாளாம் அவள். ஞாயிறு ஓய்வெடுத்தாள். திங்கள் மழை. ஜெனரேட்டர் அவசரம் என்று சங்கத்திலிருந்து இரண்டு முறை ஆள் வந்தது. முதலில் வெட்டிய தாள் ஈரத்தில் ஊறிப் பிய்ந்துபோக, அவள் இரண்டாவதைத் தொடங்கினாள். மத்தியானம் என் ஜன்னல் பக்கம் திரும்பி வலது தோளைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"என்னம்மா?" என்றேன்.

"தோள் வலிண்ணே. இந்தப் பெரிய மூடி பாருங்க, தட்டித் தட்டிக் கழண்டுடுச்சு."

அப்போது எனக்கு நர்ஸ் சொன்னது ஞாபகம் வந்திருக்க வேண்டும். என் கல்லாவில் வைத்துத்தான் சொன்னார். என் பேனாவால்தான் எழுதினார். எனக்கு ஞாபகம் வரவில்லை. சுத்தியல் பிடிக்கிறவளுக்குத் தோள் வலிக்கும் என்பது அவ்வளவு பொருத்தமாக இருந்தது. "வெந்நீர் ஒத்தடம் குடும்மா" என்று நானும் ஒரு வைத்தியம் சொன்னேன். இந்தத் தெருவில் திறக்காமலே சொல்கிறவர் காதுக்காரர் ஒருவர் மட்டும்தான் என்று இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி. டக், டக் என்று கேட்டுக்கொண்டிருந்தது நின்றது. சுத்தியல் நிற்பது சகஜம், தாளைத் திருப்புவாள். ஆனால் உடனே தகரத்தில் தகரம் மோதுகிற சத்தம், அப்புறம் சின்னச் சின்னதாக எதுவோ சிதறுகிற சத்தம். எட்டிப் பார்த்தேன். பிஸ்கட் டப்பா கவிழ்ந்து வட்டங்கள் கொட்டகை முழுக்கக் கிடந்தன. அவள் முக்காலிக்குப் பக்கத்தில் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்தபடி மடிந்து கிடந்தாள். முகம் தாள் நிறத்துக்குப் போயிருந்தது.

லாரி ஒன்று வாசலில் நின்றது. அதிலேயே ஏற்றினோம். மூத்தவள் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்லடி, ஒண்ணுமில்லடி" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள். அவள் ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தாள். "என்னங்க, சீட்டு டப்பாவுல இருக்கு. எடுத்துட்டு வாங்க. இல்லன்னா பாக்க மாட்டாங்க."

சீட்டு இல்லாமலே பார்த்தார்கள். அவசரப் பிரிவில் கட்டிலுக்கே ஸ்கேன் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்து, வயிற்றில் பசையைத் தடவி வைத்தார்கள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. டாக்டரம்மா திரையிலிருந்து தலையைத் திருப்பாமலே "தியேட்டர் ரெடி பண்ணுங்க, ரத்தம் சொல்லுங்க" என்றார். வயிறு முழுக்க ரத்தம். கரு, குழாயில் உட்கார்ந்திருந்தது. குழாய் வெடித்திருந்தது.

வராந்தாவில் ஒரு நீள பெஞ்ச். நாங்கள் நால்வரும் உட்கார்ந்திருந்தோம். பினாயில் வாடை. இரண்டு மணி நேரம் கழித்து டாக்டரம்மா வந்தார்.

"உயிருக்கு ஆபத்து தாண்டியாச்சு. அந்தப் பக்கக் குழாயை எடுக்க வேண்டியதாப் போச்சு."

"குழந்தை?" என்றாள் மூத்தவள்.

"அது அந்த எடத்துல வளரவே முடியாதும்மா. எப்ப பாத்திருந்தாலும் அதக் காப்பாத்தியிருக்க முடியாது." அவர் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். "ஆனா இவ்வளவு தூரம் வந்திருக்காது. போன வாரம் ஸ்கேன்ல பாத்திருந்தா அநேகமா ஊசி மருந்துலயே கரைச்சிருக்கலாம். குழாய் தப்பிச்சிருக்கும். இன்னொரு பக்கக் குழாய் பழைய இன்ஃபெக்‌ஷன்ல அடைச்சுக் கெடக்கு. இனிமே தானா தங்கறது..." என்று நிறுத்தி, தலையை அசைத்தார். "யாரும் ஸ்கேனுக்கு எழுதிக் குடுக்கலையா?"

சீட்டு டப்பாவில் இருந்தது. டாக்டரம்மா போய்விட்டார்.

காதுக்காரர் தொண்டையைச் செருமினார். பேசாமல் இருக்கத் தெரியாதவர், பாவம். "மொகத்துல ஒரு வாட்டம் இருக்கேன்னு நான் ஞாயித்துக்கெழமையே நெனச்சேன்..." என்று ஆரம்பித்தார்.

"அண்ணே" என்றான் சின்னவன்.

அவன் குரல் உயரவில்லை. அண்ணனைப் பார்க்கவுமில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு, ஒப்பிப்பதைப் போலச் சொன்னான்.

"மாவு மில்லு எஞ்சின். நீ பேரிங்னு சொன்ன. வால்வு."

"என்னடா?"

"ஐஸ் கம்பெனி ஜெனரேட்டர். கீழன்னு சொன்ன. மேல. கல்லுடைக்கிற மெஷின். பிஸ்டன்னு சொன்ன. பிஸ்டன் புதுசு மாதிரி இருந்துச்சு. பஸ் கம்பெனிக்காரரு மாலை எல்லாம் போட்டாரே, அது. தண்ணி லாரி, ரெண்டு தடவ. பதினாறு வருஷம். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு அண்ணே, சொல்லவா?"

"டேய்..."

"சங்கத்து ஜெனரேட்டர். கீழ, பேரிங். கைதட்டுனாங்க. அவ விழுந்தப்ப அவ கையில இருந்தது மேல்மூடி கேஸ்கெட்."

காதுக்காரரின் கை, பழக்கத்தில், கண்ணாடியைக் கழற்றியது. கழற்றித் தம்பியிடம் நீட்டியது. தம்பி வாங்கவில்லை. கண்ணாடி கொஞ்ச நேரம் நடுவில் நின்றது.

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீ தாங்கமாட்டேன்னு."

"இப்ப மட்டும்?"

"இப்ப என்னால தாங்க முடியல."

மூத்தவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். காதுக்காரர் அழவில்லை. கண்ணாடி இல்லாமல், எது எங்கே இருக்கிறது என்று தெரியாதவரைப் போல, வராந்தாவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் வீடு திரும்பிய அன்று நர்ஸ் வந்து, ஆஸ்பத்திரிக் காகிதத்துக்கு மூன்று நகல் கேட்டார். 'இதற்கு முன் ஸ்கேன்: செய்யவில்லை' என்று ஒரு வரி இருந்தது. மெஷின் அதை மூன்று முறை துப்பியது. காதுக்காரர் பட்டறை வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். நிறுத்து என்று யாரும் கையைக் காட்டவில்லை.

"சீட்டு எழுதிக் குடுத்ததோட விட்டேன் பாருங்க" என்றார் நர்ஸ், காகிதங்களை ஒழுங்குபடுத்திக்கொண்டே. "அன்னிக்கு வரலன்னதும் மறுநாளே வீட்டுக்கு வந்திருக்கணும். மழையா இருக்கேன்னு இருந்துட்டேன்." தோள்பட்டை விஷயத்தை நான் அவரிடம் சொல்லவில்லை. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஆறு வாரம் கழித்து அவள் மறுபடி முக்காலியில் வந்து உட்கார்ந்தாள். உட்காரும்போது ஒரு கையைத் தரையில் ஊன்றிக்கொண்டாள். சிதறிய வட்டங்களை யாரோ பெருக்கி டப்பாவிலேயே போட்டு வைத்திருந்தார்கள், நான்காக மடித்த சீட்டோடு. அவள் டப்பாவைத் திறக்கவில்லை. முக்காலிக்குக் கீழே தள்ளிவிட்டாள்.

அவள் விழுந்த நாளோடு பாதியில் நின்றிருந்த ஜெனரேட்டரைச் சின்னவன் அந்த வாரம்தான் முடித்தான். சங்கச் செயலாளர் அதை எடுத்துப் போக வந்தார், நாலு பேரைக் கூட்டிக்கொண்டு. நன்றாக ஓடியது. "அப்புறம்? நம்ம காது சொன்னபடி பேரிங்தான?" என்றார்.

வழக்கமாகச் சின்னவன் பேசுகிற இடம். சின்னவன் பேசவில்லை.

"இல்ல" என்றார் காதுக்காரர். "நான் சொன்னது தப்பு. மேல, வால்வு. தொறந்து பாத்துக் கண்டுபுடிச்சது தம்பி."

செயலாளர் ஒரு நிமிடம் விழித்தார். பிறகு முகம் மலர்ந்து கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "பாத்தீங்களா? பெரிய மனுஷன் பேச்சு! தம்பிக்குப் பேர் வரணும்னு எப்படி விட்டுக் குடுக்குறாரு பாருங்க!"

கைதட்டினார்கள். காதுக்காரர் "இல்லீங்க, நெஜமாவே..." என்று கையை ஆட்டினார். அதற்கும் தட்டினார்கள்.

அவர்கள் போனதும் அடுத்ததாக ஒரு கட்டடக்காரரின் பம்பு எஞ்சின் நின்றது. கட்டடக்காரர் பழக்கமாகத் தெருவைப் பார்த்தார், எல்லோரும் அமைதியாக இருக்கிறோமா என்று. நான்கூட மெஷினில் கையை வைத்துவிட்டேன். காதுக்காரர் ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். எடுத்துச் சும்மா பார்த்துவிட்டு, அதால் படுதாவை விலக்கிக்கொண்டு, எஞ்சினைத் தானே கொட்டகைக்குத் தள்ளிப் போனார். வெகுகாலமாகப் பிடிக்காத ஸ்பேனர், அளவு தெரியாமல் மூன்றை மாற்றி மாற்றிப் போட்டார். நான்காவதைச் சின்னவன் எடுத்துக் கொடுத்தான்.

அவள் தாளை மடியில் விரித்து, எண்ணெய்க் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"எத வெட்டட்டும் மாமா? மேலயா, கீழயா?"

காதுக்காரர் முதல் போல்ட்டிலேயே நின்றிருந்தார். அது கழலவில்லை. அவர் அவளைப் பார்க்கவில்லை.

"தெரியலம்மா" என்றார். "தொறந்து பாத்துட்டுச் சொல்றேன்."

அவள் சரி என்றாள். வெட்டாத தாளின்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.